வரவு இடாப்பும் பெற்றோர் கடமையும்



பாடசாலை நாள் ஒவ்வொன்றிலும் காலையில் வகுப்பாசிரியர் வரவு இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடுகின்றார். உங்கள் பிள்ளையின் பெயருக்கு மறுமொழி வராவிட்டால், வரவில்லை என்று அங்கே குறிக்கப்படுகின்றது. "ஒரு நாள்தானே" என்று வீட்டில் நாம் இலகுவாகச் சொல்லிவிடுகின்றோம். இடாப்போ அந்த ஒவ்வொரு நாளையும் கணக்கில் வைத்திருக்கின்றது. அந்தக் கணக்கை நாமும் ஒருமுறை பார்ப்பது நன்று.

சட்டம் கூறுவது

எமது நாட்டில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. ஆயினும் பாடசாலை வாயில் திறந்திருந்தால் மட்டும் போதாது, பிள்ளை அதனுள் வரவும் வேண்டும். எனவே 1939ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. 1998ஆம் ஆண்டு தை மாதம் முதல் 5 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் இவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளையைப் பாடசாலைக்கு ஒழுங்காக அனுப்பும் கடமையைச் சட்டம் பெற்றோர்மீதும் பாதுகாவலர்மீதுமே சுமத்தியுள்ளது. வராத பிள்ளைகளைத் தேடிக் கண்டறிவதற்கு வரவுக் குழுக்கள் உண்டு. பெற்றோரை அழைத்து விசாரிக்கவும், பிள்ளையை அனுப்பும்படி பணிக்கவும், அதையும் மீறினால் வழக்குத் தொடரவும் சட்டத்தில் இடமுண்டு. சுகவீனம் போன்ற தக்க காரணம் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. மறுநாள் கையோடு ஒரு கடிதமும், பல நாள் நோயாயின் வைத்தியச் சான்றிதழும் கொடுத்தனுப்பினால் போதும்.

உயர்தர வகுப்பு மாணவர் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு 80 வீத வரவு இருத்தல் வேண்டும் என்பது நெடுநாளாக அறியப்பட்ட விதி. கொவிட் நோய்க் காலத்தின் பின்னர் இவ்விதியில் தளர்வுகள் செய்யப்பட்டன. ஆகையால் உங்கள் பிள்ளை பரீட்சை எழுதும் ஆண்டுக்கு எது பொருந்தும் என்பதை, வகுப்புத் தொடங்கும்போதே அதிபரிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள். விண்ணப்பப் படிவம் அனுப்பும் வேளையில் ஓடித் திரிவதால் பயனில்லை.

ஒரு சிறு கணக்கு

பாடசாலை வருடத்தில் ஏறக்குறைய 200 நாட்கள் உண்டு. கிழமைக்கு 5 நாட்களாக 40 கிழமைகள். ஒரு பிள்ளை கிழமையில் ஒரேயொரு நாள் மறித்தால் வருடத்தில் 40 நாட்கள் போய்விடும். மிஞ்சுவது 160 நாட்கள். அதாவது சரியாக 80 வீதம். அதன்மேல் ஒரு காய்ச்சல் வந்தாலே எல்லை கடந்துவிடும். இப்பழக்கம் முதலாம் வகுப்பிலிருந்து 11ஆம் வகுப்புவரை நீடித்தால் இழப்பு 440 நாட்கள். இரண்டு வருடப் படிப்புக்கும் மேல்! பின்னக் கணக்குப் படிப்பித்த அன்று வராத பிள்ளைக்கு, அடுத்த கிழமை வீதக் கணக்கும் விளங்காது. விளங்காத வகுப்பில் இருக்க மனம் ஒப்பாது, மறுபடியும் நிற்கும். இப்படித்தான் பல பிள்ளைகள் ஓசையின்றிப் பாடசாலையை விட்டு விலகுகின்றார்கள்.

மறிப்பவர் யார்?

பிள்ளை கள்ளமடிக்கிறான் என்று குறைப்படுகின்றோம். ஆனால் எத்தனை நாட்களை நாமே மறிக்கின்றோம்? வெங்காய நடுகைக்கு ஆள் போதாது என்றும், கரைவலை இழுக்கக் கை வேண்டும் என்றும் நிறுத்துகின்றோம். தாய் வெளிநாடு சென்ற வீட்டில், தம்பி தங்கையைப் பார்க்கும் பொறுப்பு மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழுகின்றது. பெரியபிள்ளையானவளைச் சடங்கு முடியும்வரை வாரக்கணக்கில் வீட்டினுள் வைத்திருக்கின்றோம். ரியூசன் வகுப்பு இருக்கிறதே, பாடசாலை எதற்கு என்று எண்ணுவோரும் உளர். பங்குத் திருவிழாவையும் யாத்திரையையும் சாட்டாகச் சொல்வதும் உண்டு. படிப்பைத் தள்ளிவைத்துச் செய்யும் பக்தியை இறைவன் எம்மிடம் கேட்கவில்லை.

வறுமையின் நெருக்கடியை நாம் மறுக்கவில்லை. எனினும் 2021இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, பிள்ளையை வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 16 ஆகும். இன்று வரும் சிறு கூலிக்காக நாளைய பெரும் உழைப்பை விற்றுவிடலாகாது.

போக மறுக்கும் பிள்ளை

திங்கட்கிழமை தோறும் வயிற்றுக்குத்து என்று அழும் பிள்ளையை உடனே அடிக்கக் கை ஓங்காதீர்கள். முதலில் காரணத்தைக் கேளுங்கள். கரும்பலகை எழுத்துத் தெரியாமலிருக்கலாம், காது மந்தமாயிருக்கலாம். சப்பாத்துக் கிழிந்ததைக் கண்டு மற்றப் பிள்ளைகள் சிரித்திருக்கலாம். ஆசிரியரின் பிரம்புக்குப் பயந்திருக்கலாம். பாடசாலையில் உடற்தண்டனை கூடாதென 2005இலேயே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்துவிட்டது. போகும் வழியில் யாராவது தொந்தரவு செய்யவும் கூடும். அத்தகைய ஆபத்தாயின், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

திருக்குடும்பம் தரும் பாடம்

லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். பன்னிரண்டு வயது இயேசு யெருசலேமில் தங்கிவிட்டதை அறியாமல், பயணிகள் கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணி, மரியாவும் சூசையும் ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். காணவில்லை என்று அறிந்ததும் உறவினரிடம் விசாரித்தார்கள். வந்த வழியே திரும்பினார்கள். மூன்றாம் நாள் ஆலயத்தில், போதகர் நடுவே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவரைக் கண்டார்கள். சீருடை அணிந்து வீட்டைவிட்டுப் புறப்பட்ட பிள்ளை பாடசாலையில்தான் இருக்கும் என்று நாமும் எண்ணிக்கொள்கின்றோம். அவர்களைப் போலத் திரும்பிப் பார்த்து விசாரிக்கின்றோமா? பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை போதிக்கின்றது.

ஆகவே தவணைக்கு ஒரு முறையாவது வகுப்பாசிரியரைச் சந்தித்து, பிள்ளை எத்தனை நாள் வந்தது என்று கேளுங்கள். கொப்பி, சப்பாத்து இல்லாமையால் பிள்ளை நிற்குமாயின் வெட்கப்படாமல் பங்குத்தந்தையிடமோ புனித வின்சென்ட் தே போல் சபையாரிடமோ சொல்லுங்கள். வீடு சந்திக்கும் மரியாயின் சேனையினரும், பாடசாலை நேரத்தில் வீட்டில் நிற்கும் பிள்ளையைக் கண்டால் அன்போடு விசாரிப்பார்களாக. அயல்வீட்டுப் பிள்ளையின் வெற்றிடமும் எமது பங்கின் வெற்றிடமே.

குடும்பமாகக் கலந்துரையாட:

1. சென்ற தவணையில் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் எத்தனை நாள் பாடசாலைக்குச் செல்லவில்லை? அவற்றுள் நாமே மறித்த நாட்கள் எத்தனை?

2. வீட்டு வேலைக்காக ஆண்பிள்ளையிலும் பார்க்கப் பெண்பிள்ளையை அதிகம் மறிக்கின்றோமா?

3. எங்கள் ஒழுங்கையில் பாடசாலைக்குப் போகாத பிள்ளை உண்டா? அப்பிள்ளைக்காக இந்தக் கிழமை நாம் செய்யக்கூடியது என்ன?