கணப்படுப்பின் ஆண்டுத் துப்புரவு

குளிர்நாடுகளில் ‘பெல்லட் ஸ்டவ்’ என்றொரு கணப்படுப்பு உண்டு. மரத்தூளை அழுத்திச் செய்த, பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் பருமனுள்ள குளிகைகளே அதன் விறகு. எரிகலத்துச் சாம்பலை, அது நன்கு ஆறியபின், வீட்டாரே அள்ளலாம்; அதற்குக் கூலியாள் எதற்கு? ஆண்டுக்கொருமுறை செய்யும் பெருந்துப்புரவோ வேறு. புகைக்குழாய் அடைபடினும், புகையை வெளித்தள்ளும் விசிறி தளரினும், கார்பன் மோனாக்ஸைடு என்னும் நஞ்சு வீட்டினுள் பரவக்கூடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே மாள்வதுமுண்டு. அமெரிக்காவில் கைப்பழக்கமுடையார் பலர் இதனையும் தாமே செய்து பணத்தை மிச்சப்படுத்துகின்றனர். ஜெர்மனியிலோ, புகைபோக்கி துடைப்போரின் வட்டாரத் தனியுரிமையிற் பெரும்பகுதி 2012-ஆம் ஆண்டு முடிவோடு நீங்கிற்று. எனினும் தகுதிபெற்றவரையே அமர்த்தல் வேண்டுமென்னும் சட்டம் நீங்கவில்லை. அச்சட்டத்தை நாம் மிகையென்று கொள்ளோம். குழாயைத் துடைக்கத் தூரிகையும் பொறுமையும் போதும். கதவின் காப்புப் பட்டை நைந்துள்ளதை அறிவதற்கோ, பல அடுப்புகளைக் கண்ட கண் வேண்டும்.