எடை குறைப்பு ஆபரேஷன் ஆளைக் கொல்லுமா?

"எடை குறைக்க ஆபரேஷனுங்களா? மெட்ராஸ்ல ஒரு பையன் அதுலதான செத்துப் போனானுங்க!" விசைத்தறி ஓட்டுபவரோ நூல் வியாபாரியோ, எடப்பாடியில் யாரிடம் பேச்செடுத்தாலும் 2024இலிருந்து இதே பாட்டுத்தான்.

நடந்தது உண்மை. 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குச் சேர்ந்த 26 வயதுப் புதுச்சேரி இளைஞர் இறந்துபோனார். அவசர நிலையைச் சமாளிக்க அங்கே வசதி போதவில்லை என்று அரசு விசாரணையில் தெரியவந்தது. மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. இதிலிருந்து என்ன கற்க வேண்டும்? தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, மயக்க மருந்து கொடுப்பவர் யார், அந்த அறுவை நிபுணர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேட்கக் கற்க வேண்டும். நம் ஆட்கள் அதை மட்டும் கேட்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் 4,776 பேரைக் கண்காணித்து 2009இல் வெளியான ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். ஆயிரத்துக்கு மூன்று பேர். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வோ, ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் செய்யாத பருமனானவர்களைவிடச் சராசரியாக 3 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2020இல் சொன்னது. பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் இதற்கு மட்டும் ஏன் நடுங்குகிறீர்கள்? சர்க்கரையும், மூட்டுவலியும், தூக்கத்தில் மூச்சு அடைப்பதும் ஆளைத் தின்பது வாட்ஸ்அப்பில் வராது, அவ்வளவுதான்.

இதைப் பற்றி ஊரில் உலவும் மற்றப் பேச்சுகளை விரைவாக முடிக்கிறேன்.

"கொழுப்பை உறிஞ்சுவதுதானே?" இல்லை. அது அழகுக்குச் செய்வது. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் 75 முதல் 80 சதவீதத்தை அகற்றுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனும் குறைகிறது. இரைப்பை பைபாஸில் உணவு போகும் பாதையையே மாற்றுகிறார்கள்.

"சோம்பேறியின் குறுக்குவழி." குறுக்குவழியா? ஆபரேஷனுக்குப் பின் ஆயுசுக்கும் வைட்டமின் மாத்திரை, தினமும் 60 கிராமாவது புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். நாமக்கல் பக்கத்திலேயே இருந்தும் முட்டையை ஒதுக்குகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

"சர்க்கரை அடியோடு போய்விடும்." பலருக்கு மருந்து குறையும், நின்றும் போகும். சிலருக்குத் திரும்பி வரும்.

"இன்சூரன்ஸ் கிடைக்காது." காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019இல் வகுத்த விதியைப் படியுங்கள். 18 வயது நிரம்பி, டாக்டர் பரிந்துரைத்து, பி.எம்.ஐ. 40 இருந்தால், அல்லது 35உடன் கடும் துணைநோயும் இருந்து மற்ற வழிகள் தோற்றிருந்தால், உடற்பருமன் என்று காரணம் காட்டி மறுக்க முடியாது.

ஆனாலும் ஒன்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றுப்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு எடை அதிகம். அத்தனை பேரையும் ஆபரேஷன் மேசையில் ஏற்ற முடியுமா? எடை ஏறாமல் தடுப்பது பள்ளியிலேயே தொடங்க வேண்டும். ஆனால் சேலம், நாமக்கல் பள்ளிகளில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்ளும்போது நாம் வாயே திறப்பதில்லை. பிள்ளையின் மார்க்கைக் கேட்கப் போகும்போது, வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓட விடுகிறீர்கள் என்றும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தலைமை ஆசிரியருக்கு எழுத்திலேயே கொடுங்கள்.