ஒரு வயர், நாலு பேர்

இந்த எபிசோடில் சொல்ல நேரமில்லாமல் போன பாடம் இது.

பேஸ்மென்ட்டில் நாலு பேர் விளையாடும் ஆர்கேட் பெட்டி ஒன்று செய்தேன். முதல் நாளே நாலாவது இடத்தில் நின்ற அக்காவின் மகள், "மாமா, எனக்கு விளையாடத் தெரியேல்லை" என்று ஒதுங்கிவிட்டாள். பிழை அவளில் இல்லை, என்ர வயரிங்கில்.

பட்டனுக்கு அடியில் இருக்கும் மைக்ரோசுவிட்ச்சில் மூன்று முனைகள்: காம், என்ஓ, என்சி. நமக்கு வேண்டியது காமும் என்ஓவும்தான். என்சியில் மாட்டினால், அழுத்தாமலே அழுத்தியதாகக் காட்டும். ஒவ்வொரு என்ஓவிலிருந்தும் தனி வயர் என்கோடருக்குப் போகும். காம் முனைகளை மட்டும் ஒரே கிரவுண்ட் வயரில் பூ கோர்ப்பது போல வரிசையாகக் கோர்ப்போம்.

அங்கேதான் சிக்கல். மூன்றாவது ஆளின் கடைசிப் பட்டனில் ஒரு கிளிப் கழன்றிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த அத்தனையும் செத்துப்போச்சு.

தீர்வு சுலபம். கடைசி நுனியையும் என்கோடரின் கிரவுண்டுக்கே கொண்டுவந்து வளையமாக்குங்கள். பிறகு ஓரிடம் கழன்றாலும் மறுபக்கத்தால் இணைப்பு இருக்கும். ஆனால் யூஎஸ்பியைக் கழற்றி, மல்டிமீட்டரின் பீப் சோதனையை வளையமாக்க முதலே செய்யுங்கள். பிறகு செய்தால் ஒரு அறுப்பு ஒளிந்துகொள்ளும்.

இப்ப அவள்தான் என்னை வெல்கிறாள்.