கடையில் கிடைக்கும் மருந்துக்கு மருத்துவர் சீட்டு எதற்கு?

காய்ச்சலென்று ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, நெடுநேரம் காத்திருந்து, மருத்துவர் தந்த சீட்டைப் பார்த்தால் அதில் பாராசிட்டமால் என்று எழுதியிருக்கிறது. தெருமுனைக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் மாத்திரை அது. இதற்காகவா அரைநாள் வேலையை விட்டு வந்தோம் என்று உழவர்கள் சலித்துக்கொள்வது இயல்பு. அச்சலிப்பில் நியாயமும் உண்டு. ஆயினும், சீட்டில் இருப்பது மருந்தின் பெயர் மட்டுமன்று. எவ்வளவு, நாளொன்றுக்கு எத்தனை வேளை, எத்தனை நாள் என்பவையும் அதில் உள்ளன. கடைக்காரர் கிழித்துத் தரும் மாத்திரையோடு இவை வருவதில்லை.

குழந்தைகளின் பொருட்டு இதனைச் சற்று விரிவாகக் காண்போம். பாராசிட்டமாலைக் குழந்தையின் எடையைக் கொண்டே அளந்து கொடுத்தல் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. அதன்படி, 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளையில் 150 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. கணக்கு எளிது, சிக்கல் புட்டியில் இருக்கிறது. 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் மருந்துள்ள பாகும் விற்கப்படுகிறது. 250 மில்லிகிராம் உள்ளதும் விற்கப்படுகிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் இருக்கும்.

சென்ற முறை 125 பாகில் 6 மில்லிலிட்டர் கொடுத்துக் காய்ச்சல் தணியக் கண்ட தாய், இம்முறை கடையில் கிடைத்த 250 பாகிலும் அதே 6 மில்லிலிட்டரைக் கொடுப்பாளானால், குழந்தைக்குச் செல்வது 300 மில்லிகிராம். அதாவது இரு மடங்கு. சொட்டு மருந்தை அவ்வளவு கொடுத்தால் நான்கு மடங்கு. மருந்து ஒன்றே, பெயரும் ஒன்றே, தாயின் அக்கறையிலும் குறைவில்லை. அடுக்களைக் கரண்டியால் அளந்தால் கணக்கு மேலும் குழம்பும். புட்டியுடன் வரும் அளவு மூடியையோ குழலையோ எறிந்துவிடாமல் வைத்திருப்பது நலம்.

அளவு மிஞ்சினால் கெடுவது கல்லீரல். இதில் அஞ்சத்தக்கது யாதெனில், முதல் நாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது. குமட்டலும் சோர்வும் காய்ச்சலாலேயே வந்தவை என்று எண்ணத் தோன்றும். ஓரிரு நாள் கழித்துக் கேடு வெளிப்படும்போது, சிகிச்சைக்குரிய நல்ல நேரம் பெரும்பாலும் கடந்திருக்கும்.

பெரியவர்களுக்கு நேரும் தவறு வேறு வகையானது. குரோசின், கால்பால், டோலோ என்று பெயர்கள் பலவாயினும் உள்ளிருப்பது பாராசிட்டமாலே. சளிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே கலந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று மூன்று பெயரில் வாங்குபவர் ஒரே மருந்தை மூன்று முறை விழுங்குகிறார். உடல்நலமுள்ள பெரியவருக்கே நாளொன்றுக்கு 4 கிராம் என்பது மேல் எல்லை. மது அருந்துவோருக்கும் ஊட்டம் குன்றி மெலிந்தவர்களுக்கும் அவ்வளவும் ஆகாது.

டெங்கு பரவும் மாதங்களில் சீட்டு இன்னொரு காப்பும் அளிக்கிறது. அக்காய்ச்சலில் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் ஆகியவை இரத்தக் கசிவை மிகுவிக்கக் கூடும். ஆதலின் மருத்துவர் பாராசிட்டமாலை எழுதும்போது, மற்றவற்றை வேண்டாமென்று விலக்கியும் விடுகிறார். கடையில் "காய்ச்சல் மாத்திரை" என்று பொதுவாகக் கேட்பவருக்கு இந்த விலக்கு கிட்டாது.

நடவும் களையெடுப்பும் முடிந்து இடுப்பு வலிக்கு மாத்திரை தேடுவோர் நம்மில் பலர். அவர்களுள் இரத்த அழுத்தத்திற்கு மருந்துண்பவர்களும் உளர். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே அம்மருந்தை வீட்டிலேயே பெறுபவர்களும் அவர்களுள் உண்டு. மேற்சொன்ன வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உண்டால் இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகமும் பழுதுபடும். அரசு ஒரு கையால் தரும் மருந்தின் பயனை நாமே மறு கையால் கெடுத்துக் கொள்வது போலாகிறது.

ஆஸ்பிரினின் கதை தனி. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு அதனைச் சிறு அளவில், பெரும்பாலும் 75 மில்லிகிராம், நாள்தோறும் உண்ணுமாறு எழுதுகிறார்கள். இரத்தம் உறையாமல் காப்பதே அதன் வேலை. "தலைவலி மாத்திரையை ஏன் தினமும் தின்கிறாய்?" என்று அண்டை வீட்டார் சொல்ல, அதனை நிறுத்தியவருக்கு மீண்டும் மாரடைப்பு வரும் அபாயம் கூடுகிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்க 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. அங்கே சீட்டில் எழுதியதற்கு விலை கிடையாது. கடையில் கிடைப்பதுதானே என்று மருத்துவர் எழுதாமல் விட்டால், ஏழை நோயாளி கைப்பணத்தைச் செலவிட நேரும். கையில் பணமில்லாத நாளில் மருந்தும் நின்றுபோகும்.

ஊராட்சி உறுப்பினர்கள் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'கே' அட்டவணை, 1000-க்கு மேற்படாத மக்கள்தொகையுள்ள சிற்றூர்களில் சில வீட்டு மருந்துகளை மட்டும் உரிமமின்றி விற்க இடமளிக்கிறது. தொலைவிலுள்ள மக்களுக்கு இது பேருதவியே. ஆனால், உரிமம் பெற்றவரிடம் வாங்கிய மருந்தாகவும், பிரிக்கப்படாத மூல உறையில் உள்ளதாகவும் அது இருத்தல் வேண்டும். மளிகைக் கடைகளில் உறையைக் கத்தரித்து இரண்டிரண்டாக விற்கும்போது, மருந்தின் பெயரும் காலாவதி நாளும் துண்டிக்கப்பட்ட பக்கத்தோடு போய்விடுகின்றன. தம் ஊர்க் கடைகளில் உறுப்பினர்கள் முதலில் கவனிக்கத்தக்கது இதுவே. வீட்டிலுள்ளோர் செய்யத்தக்கது அதனினும் எளிது: மருத்துவரிடம் செல்லும்போது, கடையில் வாங்கி உண்டவை உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் சென்று காட்டுக.