வீட்டுக்குள் விழுந்த அடியை நீதிமன்றத்தில் நிரூபிக்க

கடலோரத் தெருவானாலும் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பானாலும், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் ராத்திரி மனைவி மேல் விழுகிற அடி அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல் போகாது. ஆனால் கேட்டவர்களில் பலர் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். வந்தாலும் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சி ஆகிவிடுவதுண்டு. அதற்காகத் தளர வேண்டாம். இத்தனை சாட்சி வேண்டும் என்று சட்டம் கணக்கு வைக்கவில்லை. அடிபட்டவரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதை வைத்தே தண்டனை கொடுக்கலாம். மருத்துவமனையில் சொன்னதும், புகாரில் எழுதியதும், கூண்டில் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

1. முதலில் மருத்துவமனை

காயம் ஆறுவதற்குள் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போங்கள். டாக்டர் கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். யார், எப்போது, எதனால் அடித்தார் என்று அங்கேயே சொல்லுங்கள். மானத்துக்குப் பயந்து “வழுக்கி விழுந்தேன்” என்றால், குறுக்கு விசாரணையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். முன்பே அப்படிச் சொல்லியிருந்தால் மறைக்காதீர்கள். கணவர் பக்கத்தில் நின்றாரா, மிரட்டினாரா என்று காரணத்தைப் புகாரிலேயே எழுதுங்கள்.

2. சம்பவம் சம்பவமாகப் புகார்

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரில் நாள், நேரம், இடம், அடித்தவர், அடித்த பொருள் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். “மாமியார், நாத்தனார், கொழுந்தன் எல்லாரும் கொடுமைப்படுத்தினார்கள்” என்ற பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டு நிற்காது. 2022-ல் கஹ்கஷான் கௌசர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறவினர்கள் மீதான வழக்கை அதனால்தான் ரத்து செய்தது.

தேதி நினைவில்லையா? ஊகித்து எழுதாதீர்கள். ஜூலை 26 பனிமய மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முன்னா பின்னா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்திலா என்று நினைவில் உள்ளதைச் சொல்லுங்கள். “அன்றைக்கு நான் கடலில் இருந்தேன்” என்று கணவர் சொன்னால் இந்தத் தெளிவு கைகொடுக்கும்.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) ஆகாது. எஃப்.ஐ.ஆர். போட்டபின் அதன் நகல் இலவசமாகக் கிடைக்கும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்யலாம்.

3. எந்தச் சட்டம்?

2024 ஜூலை 1-க்கு முன் நடந்தது என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ. பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 85, 86. உடலுக்கோ மனத்துக்கோ கடும் கேடு செய்யும் நடத்தை, அல்லது நகை, பணம் கேட்டுத் துன்புறுத்தல், இவற்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். தண்டனை 3 ஆண்டு வரை. கடைசிச் சம்பவத்திலிருந்து 3 ஆண்டுக்குள் எஃப்.ஐ.ஆர். பதிவாகவோ, நடுவரிடம் புகார் தாக்கலாகவோ வேண்டும்.

4. ஊர்க் கமிட்டிக் காகிதம்

கடற்கரை ஊர்களில் பிரச்சினை முதலில் ஊர்க் கமிட்டிக்கும் பங்குச் சாமியாரிடமும் போவது வழக்கம். “இனி அடிக்க மாட்டேன்” என்று கணவர் எழுதிக் கொடுத்திருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்; கையெழுத்துப் போட்டவர்களைச் சாட்சியாக அழைக்கலாம். ஆனால் சமரசப் பேச்சிலேயே மாதங்கள் கரைய விடாதீர்கள்.

5. போனை அழிக்காதீர்கள்

மிரட்டல் வாய்ஸ் மெசேஜ், வாட்ஸ்அப், காயப் படங்கள் எதையும் வெட்டவோ அழிக்கவோ வேண்டாம். பென் டிரைவில் நகல் கொடுத்தால் பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும்; பழைய போனை விற்றுவிடாமல் வைத்திருங்கள்.

6. கூண்டில்

வழக்கை நடத்துபவர் அரசு வழக்கறிஞர். அவருக்கு உதவ நீங்களும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம். புகாரை முந்தைய நாள் படித்துவிட்டுப் போங்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். மறந்ததை மறந்ததாகவே சொல்லுங்கள். அனுதாபத்துக்காகக் கூட்டிச் சொன்ன ஒரு அடி, வாங்கிய பத்து அடியையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

வழக்கு முடியும்வரை உயிர் பத்திரமாக இருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்குங்கள். அதை மீறுவது தனிக் குற்றம். பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியத்தை மட்டும் வைத்தே உத்தரவு மீறப்பட்டதைத் தீர்மானிக்கலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். அடிபட்ட அன்றே போங்கள். அன்று சொல்லும் உண்மைதான் தீர்ப்பு நாள்வரை உங்களோடு வரும்.