மூப்பரின் இல்லத் தரிசிப்பு



மூப்பர் உங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருகிறார் என்றால், உள்ளே இருப்பவர்கள் முதலிற் கேட்பது என்ன? "இந்த முறை திருவிழாவுக்கு எவ்வளவு போட்டிருக்கினமாம்?" என்பதே. வன்னிப் பங்குகளில் இதை மறுப்பவர் அதிகம் இரார். கையிற் பற்றுச்சீட்டுப் புத்தகம் இல்லாமல் மூப்பர் வந்தால், வீட்டுக்காரர் மகிழ்வதற்கு முன் திகைத்துப்போவர். மூப்பர்மாரைக் குறைகூற இதை எழுதவில்லை. ஆலயத்துக்குக் கூரை போடவும், கொடியேற்றத்துக்கு ஒலிபெருக்கி பிடிக்கவும் யாரோ ஒருவர் வீடு வீடாய்ப் போகத்தான் வேண்டும். ஆனால் மூப்பு என்னும் பணி எம்மிடையே வேரூன்றியது காசு சேர்ப்பதற்காக அன்று.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குரு ஒருவருக்குத் தன் வீட்டில் இடங்கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தேவதாயின் திருச்சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் சென்றதும், யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தோர் அவர்களோடு சேர்ந்துகொண்டதும் எமது முன்னோர் வழிவழியாய்ச் சொல்லிவந்த செய்தி. மருதமடுவின் வரலாறே ஓர் அகதிப் பயணத்தின் வரலாறு.

இந்த நிலையிலேதான் 1687இல், ஏழைக் கூலியாளின் கோலத்தில், கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் வந்து சேர்ந்தார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அவருக்குத் துணையாக இன்னொரு குரு இல்லை. யாழ்ப்பாணம், வன்னி, மன்னார், புத்தளம், கண்டி என்று சிதறிக் கிடந்த மந்தைக்கு ஒரே மேய்ப்பர்! இது எப்படி இயன்றது? ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் அவர் நிறுத்தினார். மூப்பர் ஊர்ச் சபையின் காரியங்களைப் பார்த்தார். அண்ணாவியார் செபமும் ஞானோபதேசமும் கற்பித்தார். குருவானவர் ஓர் இரவில் வந்து விடியுமுன் போக வேண்டியவர். எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யார் சாகக் கிடக்கிறார், எந்தத் திருமணம் இன்னும் ஆசீர்வதிக்கப்படவில்லை, எந்த இரு சகோதரர் முகம் பாராமல் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் அந்த இரவுக்கு முன்பே ஒருவர் அறிந்து வைத்திருக்க வேண்டும். அவரே மூப்பர். வீடுகளுக்குப் போகாமல் இதை அறிவது எப்படி?

அடிகளாரே அதற்கு முன்மாதிரி. 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, நோயாளரைச் சொந்தக்காரரே விட்டோடியபோது, அவரும் அவர் மருமகன் கார்வாலோ சுவாமிகளும் கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று பணிவிடை செய்தார்கள். 2015 ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்திவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். அந்த இரு இடங்களும் ஒரே நாளில் இணைந்தது பொருத்தமே.

இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். நோயாளி திருச்சபையின் மூப்பரை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி செபிக்கட்டும் என்று புனித யாகப்பர் தமது திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்திற் பணிக்கிறார். இதை வாசித்துவிட்டுச் சிலர், "அப்படியென்றால் நாங்களும் பூசலாமோ?" என்று கேட்பதுண்டு. பூசலாகாது. அங்கே மூப்பர் எனப்படுவோர் திருநிலை பெற்ற குருக்களே என்பதைத் திரெந்துச் சங்கம் 1551இல் ஐயமறக் கூறியிருக்கிறது. பிரிந்த சபைகளிலே மூப்பர் என்னும் பதவிக்கு வேறு பொருளும் அதிகாரமும் உண்டு. அதை இங்கே கொண்டுவந்து பொருத்த வேண்டியதில்லை. ஆயினும் ஆபத்து வேளையிலே திருமுழுக்குக் கொடுக்க மூப்பரால் மட்டுமல்ல, தகுந்த கருத்தோடு எவராலும் முடியும். முறையாக நியமனம் பெற்றவர் நோயாளருக்கு நற்கருணை கொண்டுபோகவும் 1973 முதல் வழி திறந்திருக்கிறது. நோயாளி இருக்கிறார் என்று சுவாமிக்கு நேரத்தோடே சொல்லுவது இவை எல்லாவற்றிலும் எளிது; அதுதான் அதிகம் தவறுகிறது. மூச்சு நின்ற பின் கோவிலுக்கு ஆள் ஓடிவருவது எத்தனை தடவை!

எபேசு சபையின் மூப்பரை அழைத்து விடைபெற்றபோது, பொதுவிடத்திலும் வீடு வீடாகவும் தாம் போதித்ததை புனித சின்னப்பர் நினைவூட்டினார் (அப்போஸ்தலர் பணி 20). 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல், பங்கிலுள்ள ஒவ்வொரு வீட்டாரின் பெயரையும் நிலையையும் எழுதிவைக்கும் பதிவேடு ஒன்றுக்கு மாதிரி கொடுத்தது. "ஆன்மாக்களின் நிலை" என்பது அதன் பெயர். நாம் இன்று குடும்பப் பதிவேடு என்கிறோம். 1983இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் (529ஆம் சட்டம்) பங்குத்தந்தை குடும்பங்களைத் தரிசிக்கவும், அவர்களுடைய கவலையிலும் துக்கத்திலும் பங்குகொள்ளவும் பணிக்கிறது. ஆனால் குளத்துக்கு அப்பால் ஒரு குடியேற்றம், காட்டுக்கு அப்பால் இன்னொன்று என்று கிடக்கும் வன்னிப் பங்கிலே ஒரு குருவின் மோட்டார் சைக்கிள் எத்தனை வாசலுக்குப் போய்ச் சேரும்?

எமது பதிவேட்டிலே ஒரு குறை உண்டு. உயிரோடிருப்போருக்கு ஒரு வரிசை, மரித்தோருக்கு ஒரு வரிசை. இரண்டிலும் எழுத முடியாதவர்களை எங்கே எழுதுவது?

2009இல் நடந்ததை வன்னி வாசகருக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. உருத்திரபுரம் பங்குத்தந்தை சரத்ஜீவன் அடிகளார் மக்களைவிட்டு நீங்காது நின்று, மே 18ஆம் நாள் அவர்களோடு வெளியேறும் வழியில் உயிர்நீத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர் என அரச செயலகங்கள் காட்டிய தொகை 4,29,059. பின்னர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் என்று காட்டப்பட்ட தொகை 2,82,380. மிகுதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை கேட்டார். ஆண்டகை 2021இல் இறைவனடி சேர்ந்தார். கேள்வி இன்னும் இருக்கிறது. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் வீதியோரம் போராட்டத்துக்கு அமர்ந்த தாய்மார் கேட்டதும் அதே கேள்வியே.

இந்த வீடுகளுக்கு மூப்பர் எப்படிப் போவது? கார்த்திகை மாதம் வருகிறது; மரித்தோர் பட்டியலுக்குப் பெயர் சேர்க்கிறார்கள். மூப்பர் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்: "அம்மா, மகனுடைய பெயரையும் எழுதுவமா?" அந்தத் தாய் எழுதச் சொன்னால் மகன் இறந்துவிட்டான் என்று அவளே கையொப்பம் வைத்தது போலாகிறது. எழுத வேண்டாம் என்றால் மகனுக்குச் செபம் இல்லாமற் போகிறது. அந்தக் கேள்வியை அவளிடம் கேட்கவே கூடாது என்பது என் கருத்து. திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் இலக்கம், உயிரோடிருப்போர், இறந்தோர் எவருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. ஆகவே மகனுடைய பெயரை மட்டும் சொல்லி ஒரு பூசை கேட்கலாம்; அவன் எங்கே இருக்கிறான் என்பதை ஆண்டவர் அறிவார், பீடத்தில் நாம் அறிவிக்க வேண்டியதில்லை. மூப்பர் அந்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய செய்தி இதுவே. பதிவேட்டிலும் அந்தப் பெயர் மரித்தோர் வரிசைக்கு மாற்றப்படாமல் இருக்கட்டும்.

"மரணச் சான்றிதழ் எடுங்கோ, உதவி கிடைக்கும்" என்று அவசரப்படுத்துவோரும் உண்டு. 2016இன் சட்டத்திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெற வழி உண்டு. இதை மூப்பர் தெரிந்துவைத்திருந்து, கேட்டால் சொல்லலாம். எடுப்பதும் விடுவதும் அந்தக் குடும்பத்தின் முடிவு. அவ்வாறே, கணவன் காணாமற்போன இளம்பெண்ணிடம், "இத்தனை வருஷமாச்சு, இன்னொரு கலியாணம் செய்யலாம்தானே" என்றோ, "செய்யக்கூடாது" என்றோ தீர்ப்புச் சொல்ல மூப்பருக்கு உரிமையில்லை. எத்தனை ஆண்டு சென்றாலும் இல்லாமை மாத்திரம் மரணத்துக்குச் சான்றாகாது. விசாரித்து அறிக்கையிடுவது ஆயருடைய பொறுப்பு (1707ஆம் சட்டம்). சுவாமியிடம் அவளை அழைத்துப்போவதே மூப்பர் செய்யக்கூடிய நன்மை.

மற்றது, தனியே போகாதீர்கள். ஆண் துணையில்லாத வீட்டுக்கு மாலை மங்கிய பின் ஓர் ஆண் தனியே போனால், ஊர்வாய் அவரை விட்டுவிடும், அவளைத்தான் பிடிக்கும். அறுபது எழுபது வீட்டிலே பெண்ணே குடும்பத் தலைவியாய் உள்ள ஊருக்கு, மூப்பர் எல்லாரும் ஆண்கள் என்பது எப்படிப் பொருந்தும் என்றும் யோசிக்க வேண்டும். கன்னியாஸ்திரிகள் இந்த வீடுகளுக்குப் போய்வருகிறார்கள்; அவர்களோடு ஊரிலுள்ள ஒரு தாயும் சேர்ந்து போகலாம், அவளையும் பங்கு தன் பணியாளராய் நியமிக்கலாம். கேட்டது எதுவும் மதகடிப் பேச்சுக்கு வரக்கூடாது. ஒரு வீட்டின் கடனோ கண்ணீரோ ஒரு தரம் மதகில் ஏறிவிட்டால், அந்தப் படலை மூப்பருக்கு மறுபடி திறவாது.

எந்த வீட்டுக்கு முதலிற் போவது? வழக்கமாய் நாம் போவது தேத்தண்ணி கிடைக்கும் வீட்டுக்கு: உறவு வீடு, ஆசிரியர் வீடு, வெளிநாட்டிலிருந்து காசு வரும் வீடு. 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் கடைசி ஒழுங்கையும், சாதி சொல்லித் தள்ளிவைத்த குறிச்சியும் பட்டியலின் அடியில் நிற்கும், அல்லது பட்டியலிலேயே இராது. அவ்வீடுகளைக் கண்டுபிடிக்கப் புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. திருவிழாக் காசு தராதோர் பெயர்கள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, புத்தகத்தை வீட்டில் விட்டுவிட்டுப் புறப்படலாம்.