இருபத்தைந்து சொல்



'தி கெர்ன்சி லிட்டரரி அண்ட் பொட்டேட்டோ பீல் பை சொசைட்டி' படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதிய கடிதம் இரண்டு நாளாக மேசைமேல் கிடக்கிறது. வயிறு காய்ந்து கிடந்தவர்களுக்கு வாசகர் வட்டம் எதற்கு, இது வயிறு நிறைந்தவர்கள் கட்டிய கதை அல்லவா என்று கேட்டிருந்தீர்கள்.

படமும் பசியிலிருந்துதான் தொடங்குகிறது. 1941இல், ஜெர்மானியர் பிடித்திருந்த கெர்ன்சி தீவில், அவர்களுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்த பன்றியைச் சுட்டுத் தின்ற சிலர், ஊரடங்கு நேரத்தில் வீடு திரும்பும்போது சிப்பாய்களிடம் மாட்டிக்கொள்கிறார்கள். புத்தகம் வாசிக்கக் கூடினோம் என்று அவர்களில் ஒருத்தியான எலிசபெத் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிக்கிறாள். அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் அவர்கள் மறுபடி கூடுகிறார்கள். முதலில் பன்றி, பிறகுதான் புத்தகம். அதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் அந்தத் தீவுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கெர்ன்சி பிரான்ஸ் கரையை ஒட்டிய சின்னத் தீவு. தக்காளி விளைவித்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்த ஊர். 1940 ஜூன் 28 அன்று துறைமுகத்தில் தக்காளி லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ராணுவ வண்டிகள் என்று எண்ணி ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. லாரிக்கு அடியில் பதுங்கிய ஓட்டுநர்கள் அங்கேயே செத்தார்கள். இரண்டு நாளில் தீவு ஜெர்மானியர் கைக்குப் போயிற்று.

அதற்குச் சில நாள் முன்புதான் சுமார் 5,000 பள்ளிப் பிள்ளைகளை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றியிருந்தார்கள். அனுப்புவதா, மடியிலேயே வைத்துக்கொள்வதா? பெற்றவர்களுக்கு யோசிக்க ஒரு நாள்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. படத்தில் ஈபன் தன் பேரனை அனுப்பிவிட்டு நிற்பது இந்த இடத்தில்தான். தாத்தாவாக நடித்த டாம் கோர்ட்னியின் முகத்தைக் கவனித்தீர்களா? அதன்பின் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே போய்வந்த செய்திகளுக்கு அளவு இருபத்தைந்து சொல். பல மாதத்துக்கு ஒருமுறை, பெற்ற பிள்ளையிடம் இருபத்தைந்து சொல்! ஐந்து வருஷம் கழித்துத் திரும்பிய பிள்ளைகளில் பலருக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை.

1942இல் ஜெர்மானியர் வானொலிப் பெட்டிகளையும் பிடுங்கிக்கொண்டார்கள். அப்போது சார்லஸ் மேக்கன் என்ற அச்சுத் தொழிலாளியும் சில நண்பர்களும் பி.பி.சி. செய்தியை ஒளிந்து கேட்டு, தக்காளி பொதியும் மெல்லிய தாளில் தட்டச்சு செய்து கைமாற்றினார்கள். ஏற்றுமதி நின்றுபோன ஊரில் அந்தத் தாளுக்கு வேறு வேலை இல்லை. 1944இல் பிடிபட்டார்கள். மேக்கன் ஜெர்மன் சிறையில் இறந்தார். ஒரு தாள் செய்திக்காக ஓர் உயிர். சோறு இல்லாதவனுக்குச் சொல் எதற்கு என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வராது.

உண்மையான பட்டினி அதற்குப் பிறகுதான் வந்தது. நார்மண்டியில் நேச நாட்டுப் படை இறங்கியதும் பிரான்சிலிருந்து வந்த சரக்கு நின்றது. காவல் காத்த ஜெர்மன் சிப்பாய்களும் பட்டினி கிடந்தார்கள். 1944 டிசம்பர் 27 அன்று 'வேகா' கப்பல் செஞ்சிலுவைப் பொட்டலங்களோடு வந்த பிறகுதான் ஜனங்கள் மூச்சுவிட்டார்கள். இந்தக் குளிர்காலத்தைப் படம் போதுமான அளவு காட்டவில்லை என்பது என் வருத்தம். போர் முடிந்தபின் தீவுக்கு வரும் எழுத்தாளரான ஜூலியட் யாரை மணப்பாள் என்பதில் செலவிட்ட நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

ஆனாலும் வட்டத்தைச் சேர்ந்த அமீலியா வரும் ஒரு காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கிறேன். வட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுத ஜூலியட் அனுமதி கேட்கும்போது, கூடாது என்று அவள் மறுத்துவிடுகிறாள். ஜெர்மானியர் கைதுசெய்து கொண்டுபோன எலிசபெத் இன்னும் திரும்பி வரவில்லை. அவளைப் பற்றிய பேச்சு அந்த அறைக்கு வெளியே போக அமீலியாவுக்குச் சம்மதமில்லை. பெனலோப் வில்டன் அதைச் சொல்லும் விதத்தை, அந்தக் காட்சியை மட்டும், மறுபடி போட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். இருபத்தைந்து சொல்லில் அடக்க வேண்டாம்.